முதிய பூனையின் தீராத வயிற்றுக் கோளாறு: வன்னியில் பூனை வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் பூனைக்கென்று வைத்தியம் பார்ப்பது புதுப்பழக்கம். நெல் மூட்டையை எலி அண்டாமல் காக்க வந்த பிராணி ஒரு நாள் காணாமல் போகும், வேறொன்று வந்து சேரும், அவ்வளவுதான் என்றிருந்தோம். இப்போது அப்படியில்லை. 2010, 2011 ஆம் ஆண்டுகளில் மீள்குடியேறிய வீடுகளுக்கு வந்து சேர்ந்த குட்டிகளில் தப்பிப் பிழைத்தவை இன்று பதினைந்து வயதை ஒட்டி நிற்கின்றன. மனித வயதில் அது எழுபத்தைந்துக்கு மேல். இவற்றில் பல வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சத்தி எடுக்கின்றன. சிலவற்றுக்கு மலம் இளகியே போகிறது, சிலவற்றுக்கு நாட்கணக்கில் போவதில்லை. "வயது போனால் அப்படித்தான்" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் சத்தியோ வயிற்றோட்டமோ முதுமையின் இயல்பு அல்ல. பின்னால் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்களில் பலவற்றை முற்றாகக் குணமாக்க முடியாவிட்டாலும் அடக்கி வைக்கலாம். நமது பக்கத்துச் சிக்கல் வேறு: கால்நடை வைத்தியரின் நாள் மாட்டோடும் ஆட்டோடும் கோழியோடும் போகிறது, ஸ்கான் வசதி தூரத்தில் இருக்கிறது. ஆகவே நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதியை வீட்டில் ஒரு கொப்பியையும் தராசையும் வைத்துக்கொண்டு நீங்களே செய்ய வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தப் பாதியைப் பற்றியது.

முதற்படி: காத்திருக்கக் கூடாதவற்றைப் பிரித்தெடுங்கள்

கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். முற்றாக அடைபட்ட பூனை இரண்டு மூன்று நாட்களுக்குள் இறந்துவிடும். அது குந்திய இடத்து மணலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொப்பியும் வேண்டாம், இந்தக் கட்டுரையும் வேண்டாம், அன்றே வைத்தியரிடம் போங்கள்.

ஒரு முழு நாள் எதையும் தின்னாத முதிய பூனையும் அவசரக் கேஸ்தான். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், குறிப்பாகக் கொழுத்த பூனை என்றால், உடற்கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து ஈரல் செயலிழக்கத் தொடங்கும். நாய்க்கும் மனிதருக்கும் செய்வதுபோல "வயிற்றுக்கு ஓய்வு" என்று பூனையைப் பட்டினி போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

தார்போலக் கறுத்த மலம், வெளிறிய அல்லது மஞ்சளான முரசு, வீங்கி இறுகிய வயிறு, தண்ணீர் குடித்தாலும் தங்காத சத்தி ஆகியவற்றையும் இதே வரிசையில் வையுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தவர்களுக்கு இன்னொன்று: வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ தங்கூசி அல்லது நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே அது குடலைச் சுருக்கி வைத்திருக்கும். இழுத்தால் குடலை அறுத்துவிடும்.

இரண்டாம் படி: கொப்பியும் தராசும்

முற்றத்து மணலில் தோண்டி, இருந்து, மூடிவிட்டு வரும் பூனையின் மலத்தை யாரும் பார்ப்பதில்லை. வயிற்றோட்டம் மாதக்கணக்காக இருந்தும் வீட்டாருக்குத் தெரியாமல் போவது இதனால்தான். ஒரு வாரத்துக்காவது பூனையை ஓர் அறையில் வைத்திருங்கள். விளிம்பு தாழ்ந்த பிளாஸ்ரிக் தட்டில் உலர்ந்த மணல் போட்டால் போதும். விளிம்பு உயரமாக இருந்தால் மூட்டு நோவுள்ள கிழட்டுப் பூனை ஏறாது. தட்டைத் துப்புரவாக்கும் வேலை வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கு வேண்டாம். பூனை மலத்தில் கருவைப் பாதிக்கும் கிருமி இருக்கக்கூடும்.

நிறைதான் எல்லாவற்றிலும் முக்கியம். நான்கு கிலோ பூனை 200 கிராம் இழந்தால் அது உடல் நிறையில் 5 சதவீதம். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, ரோமம் மறைத்துவிடும். 400 கிராம் போய்விட்டால் இனிமேலும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டில் தராசு இல்லையென்றால் சந்திக் கடையின் மின்தராசில் பெட்டியோடு வைத்து நிறுத்து, பெட்டியின் நிறையைக் கழியுங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். வாரம் ஒரு முறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் நிறுக்க வேண்டும். மனிதர் நிற்கும் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது நூறு கிராம் வித்தியாசத்தைப் பெரும்பாலும் காட்டாது.

கொப்பியில் திகதி, தின்றது என்ன, எவ்வளவு, தண்ணீர்ப் பாத்திரம் எவ்வளவு குறைந்தது, மலம் எத்தனை தடவை, எப்படி, சத்தி எத்தனை தடவை, தின்று எவ்வளவு நேரத்தின் பின் என்பவற்றை எழுதுங்கள். சத்தியையும் மலத்தையும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். சத்தி எடுக்கும்போது காணொளி கிடைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் படி: எழுதியதை வாசித்தல்

வயிறு இறுகி இறுகி, குமட்டி, பிறகு வெளியே வந்தால் சத்தி. ஒரு முயற்சியுமின்றித் தின்றது குழாய் வடிவில் அப்படியே வழிந்து வந்தால் கோளாறு உணவுக்குழாயில். கழுத்தை நீட்டித் தரையோடு பதுங்கி, ஒன்றும் வராமல் முடிந்தால் அது பெரும்பாலும் இருமல், அதாவது நுரையீரல் விடயம். இந்த மூன்றும் வைத்தியரை மூன்று வெவ்வேறு பாதையில் கொண்டுபோகும். உங்கள் காணொளிக்கு உள்ள பெறுமதி இதுதான்.

வயிற்றோட்டத்திலும் இரண்டு வகை உண்டு. அளவு அதிகம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை, நிறை இறங்குகிறது என்றால் சிறுகுடல். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை, சளி, சிவந்த இரத்தம், முக்கல், ஆனால் நிறை அவ்வளவாக இறங்கவில்லை என்றால் பெருங்குடல்.

நன்றாகத் தின்கிறது, ஆனால் மெலிகிறது, இரவில் கத்துகிறது, அமைதியில்லை என்றால் தைரொயிட்டுச் சுரப்பி அதிகமாக வேலை செய்வதை முதலில் சந்தேகிக்க வேண்டும். பத்து வயது தாண்டிய பூனைகளில் இது அரிதல்ல, குளிசையால் நன்றாகக் கட்டுப்படும். தண்ணீர் அதிகம் குடித்து, சிறுநீர் அதிகம் போய், வாய் நாறி, சத்தி எடுத்தால் சிறுநீரகம். தண்ணீர்த் தாகத்தோடு பசியும் அதிகம் என்றால் நீரிழிவையும் பார்க்க வேண்டும். இவை எதுவுமில்லாமல் மாதக்கணக்கில் சத்தியும் மெலிவும் மட்டும் என்றால் குடற்சுவரின் நாட்பட்ட அழற்சி, அல்லது மெதுவாக வளரும் ஒரு வகைக் குடற் புற்றுநோய். பின்னவை இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

உரோம உருண்டை என்று சொல்லி ஒதுக்கிவிடுவோரும் உண்டு. எப்போதாவது ஒன்று வந்தால் சரி. நம்மூர்க் குட்டை ரோமப் பூனை வாரந்தோறும் உரோமம் கக்கினால், உரோமத்தை முன்னே தள்ள முடியாத குடலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நான்காம் படி: குசினியில் நிறுத்த வேண்டியவை

வைத்தியரைப் பார்க்கும் முன்பே இதைத் தொடங்கலாம். நம் வீட்டுப் பூனையின் வழமையான சாப்பாடு சொதிச் சோறும் மீன் முள்ளும். சொதியில் வெங்காயம், தேங்காய்ப்பால், சில வேளை உள்ளி. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் அந்த நச்சு போகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது, ஆகவே பால்மாவைக் கரைத்து வைப்பதும் வயிற்றோட்டத்தை வளர்ப்பதே. கருவாட்டின் உப்பு சிறுநீரக நோயாளிக்கு ஆகாது. பச்சை மீன் சிலவற்றில் தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் இருப்பதால் மீனை அவித்தே கொடுங்கள். சோறு நஞ்சல்ல, ஆனால் பூனை இறைச்சியுண்ணி. தட்டில் முக்கால் பங்கு சோறு வைத்துவிட்டு அது மெலிகிறதே என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் வீட்டில் மூன்று நான்கு இடங்களில் அகலமான மண்சட்டியில் வையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் சமைத்த உணவு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் கிடக்கக் கூடாது. எறும்புக்கு, உணவுப் பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டொன்றில் வைப்பது போதும். எறும்புப் பொடியை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

மருந்துப் பெட்டியிலிருந்து ஒன்றுமே வேண்டாம். பரசிட்டமோல் ஒரு 500 மில்லிகிராம் குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. டைக்குளோபினாக், ஐபுபுரோபன் ஆகியவையும் அப்படியே. மனிதருக்கான பூச்சிக் குளிசைகளும், நாய்க்கென்று விற்கும் பெர்மெத்திரின் கலந்த தெள்ளு மருந்தும் பூனைக்கு ஆகாது.

ஐந்தாம் படி: வைத்தியரிடம் போதல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பிரதேச செயலகப் பிரிவுகளை ஒட்டி அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இயங்குகின்றன. அங்கிருந்தே தொடங்குங்கள். வைத்தியர் வெளிக்களம் போகும் நாட்கள் உண்டு என்பதால் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மாட்டு வைத்தியருக்குப் பூனையைப் பற்றி என்ன தெரியும் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. எல்லோரும் படித்த பீடத்தில் பூனையும் பாடத்தில் இருந்தது. அவர்களுக்குக் குறைவாக இருப்பது நேரமும் கருவிகளும்தான். அந்த நேரத்தை உங்கள் கொப்பி மிச்சப்படுத்தித் தரும்.

உரப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வராதீர்கள், வெயிலில் மூச்சு முட்டும். இரண்டு பிளாஸ்ரிக் மரக்கறிக் கூடைகளை வாய்க்கு வாய் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் காற்றோட்டமுள்ள கூடு தயார். பூனை படுக்கும் பழைய துணியை உள்ளே போட்டு, மேலே ஒரு சேலைத் துண்டால் மூடினால் கத்தல் குறையும். அன்று காலைக்குரிய மலத்தில் ஒரு சிறு துண்டை மூடியுள்ள சுத்தமான போத்தலில் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் குடற்புழு மருந்து கொடுக்கப்படும். தெள்ளைத் தின்னும் பூனைக்கு நாடாப்புழு வருவது சர்வ சாதாரணம். மலத்தில் வெள்ளரி விதைபோல அசையும் துண்டுகள் தெரிந்தால் அதுதான். தெள்ளை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. பல்லி, ஓணான் பிடித்துத் தின்னும் பூனைகளுக்கு வெப்ப நாடுகளில் ஈரலில் தட்டைப்புழு வரக்கூடும் என்பதால், உங்கள் பூனைக்கு அந்தப் பழக்கம் உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்தது இரத்தம். எல்லாவற்றையும் செய்யப் பணமில்லையென்றால் எவற்றை முதலில் செய்யலாம் என்று கேளுங்கள். சிறுநீரகத்துக்குக் கிரியாற்றினின், குளுக்கோசு, தைரொயிட்டுக்கு ரி-4, இவற்றோடு ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. முதிய பூனையின் வயிற்றுக் கோளாறுகளில் வயிற்றுக்கு வெளியே தொடங்குபவற்றில் பெரும்பகுதி இந்த நான்கில் அகப்படும். இரத்தத்தை இங்கே எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப முடிந்தால் பூனைக்குப் பயணம் மிச்சம்.

ஸ்கானும் மேலதிக சோதனைகளும் தேவைப்பட்டால் யாழ்ப்பாணம், வவுனியா என்று விசாரிக்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடமும் அதன் போதனா மருத்துவமனையும் உள்ளன. ஏ-9 வீதியால் கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். குடல் அழற்சியையும் புற்றுநோயையும் உறுதியாகப் பிரிக்கக் குடற்றசையில் துண்டெடுத்துப் பார்க்க வேண்டும். பதினாறு வயதுப் பூனையை அதற்காக மயக்கத்தில் கிடத்த வேண்டுமா என்பது வீட்டாரும் வைத்தியரும் பேசி எடுக்கும் முடிவு. நானென்றால் பலவீனமான பூனைக்குச் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் செய்வதாக இருந்தால், அழற்சியைத் தணிக்கும் ஸ்ரீரொயிட்டு மருந்தைத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். பிறகு செய்தால் மருந்து விடையை மறைத்துவிடும்.

ஆறாம் படி: உணவுச் சோதனை

சிறுநீரகமும் தைரொயிட்டும் சரி, புழு மருந்தும் கொடுத்தாயிற்று, ஆனாலும் கோளாறு நிற்கவில்லை என்றால் இந்தப் படிக்கு வருகிறோம். நாட்பட்ட குடற்கோளாறுள்ள பூனைகளில் ஏறத்தாழ பாதி உணவை மாற்றினாலே தேறுகின்றன. மருந்துக் கடைக்குப் போகுமுன் இதைப் பொறுமையாகச் செய்து பார்ப்பது நல்லது.

பூனை தன் வாழ்நாளில் தின்றிராத ஓர் இறைச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீனும் கோழியும் தின்று வளர்ந்த வன்னிப் பூனைக்கு அது பெரும்பாலும் ஆட்டிறைச்சி. காடை கிடைக்கும் இடத்தில் காடை. கொழுப்பை நீக்கி, உப்பு, தூள், வெங்காயம் எதுவுமில்லாமல் கொஞ்சத் தண்ணீரில் அவியுங்கள். அவித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத தோரின் அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி வேண்டும். அவித்த இறைச்சியில் சொன்னால் 130 முதல் 150 கிராம் வரை. அதை நான்கைந்து சிறு வேளைகளாகப் பிரித்து, இளஞ்சூட்டில் வையுங்கள். கிழட்டுப் பூனைக்கு மோப்பம் மந்தம், சூடு மணத்தைக் கிளப்பும். பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

சோதனை இரண்டு மூன்று வாரம். அந்த நாட்களில் வேறு ஒரு துண்டும் வாயில் படக் கூடாது. பூனையை விட அயல்வீட்டாரை வழிக்குக் கொண்டுவருவதுதான் கடினம். வேலிக்கு அப்பாலிருந்து பொரித்த சூடை மீன் வாலை நீட்டும் மாமியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பூனையை உள்ளேயே வைத்திருப்பது அதைவிடப் பாதுகாப்பு. ஒரே நேரத்தில் உணவையும் மருந்தையும் மாற்றாதீர்கள். தேறினால் எதனால் தேறியது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

தேறிவிட்டால் வெறும் அவித்த இறைச்சியில் மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. அதில் கல்சியம் போதாது. அந்த இறைச்சியை அடிப்படையாகக் கொண்ட முழுமையான பூனையுணவு கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் கல்சியமும் தோரினும் எவ்வளவு சேர்ப்பது என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

ஏழாம் படி: மலம் போகாவிட்டால்

கிழட்டுப் பூனைகளில் மலச்சிக்கல் பெரும்பாலும் நீர் குறைவதால் வருகிறது. மூட்டு நோவால் குந்த முடியாமலும் வரலாம். முன்பு மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இடுப்பெலும்பு கோணலாகப் பொருந்திய பூனைக்கு மலப்பாதையே ஒடுங்கியிருக்கும். இரண்டு நாள் போகவில்லையென்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் மலத்தை இளக்கும் லக்டுலோசுப் பாணி தரக்கூடும். அளவை அவர் சொல்ல வேண்டும். அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு தேக்கரண்டி உணவோடு கலப்பது சிலவற்றுக்கு உதவும், தண்ணீர் குடிக்காத பூனைக்கு மேலும் அடைக்கும். விளக்கெண்ணெயை வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். மனிதருக்கான பொஸ்பேற்று எனிமா பூனையைக் கொன்றுவிடும்.

எட்டாம் படி: மருந்தைக் கொடுத்தலும் தொடர்தலும்

உணவால் தேறாத குடல் அழற்சிக்கு வழமையாகப் பிரெட்னிசொலோன் என்னும் ஸ்ரீரொயிட்டு. பிரெட்னிசோன் என்ற பெயரில் உள்ளதைப் பூனையின் உடல் சரியாக மாற்றிக்கொள்ளாது, ஆகவே பாமசியில் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சுகமாகிவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது. வைத்தியர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருந்து தொடரும் காலத்தில் தாகம் திடீரென அதிகரித்தால் நீரிழிவு தொடங்கியிருக்கலாம், உடனே தெரிவியுங்கள்.

சிறுகுடல் நாட்பட்டுக் கெட்டால் உயிர்ச்சத்து பி-12 உடலில் சேராது. அது குறைந்தால் வேறெந்த மருந்தும் பிடிக்காது. இதற்கு வாரம் ஒன்றாக ஆறு வாரம் தோலுக்கடியில் ஊசி போடுவது வழக்கமான முறை. விலை குறைந்த மருந்து, போடும் விதத்தை வீட்டாருக்கே பழக்கிவிடலாம். நம் பக்கத்தில் இதைக் கேட்டு வாங்குவோர் குறைவு. நீங்கள் கேளுங்கள்.

குளிசை கொடுக்கப் பூனையைத் துவாயால் சுற்றித் தலையை மட்டும் வெளியே விடுங்கள். ஒரு கையால் மேல்தாடையைப் பிடித்துத் தலையைச் சற்று நிமிர்த்தி, நாக்கின் மேல், தொண்டையை ஒட்டிய பின்பகுதியில் குளிசையை விட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் சில மில்லிலீற்றர் தண்ணீரைக் கன்னத்தின் பக்கவாட்டால் மெதுவாக விடுங்கள். தண்ணீரில்லாமல் விட்டால் சில குளிசைகள் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஆனால் பூனையின் குணம் சட்டென்று மாறி, எச்சில் வடித்து, விழுங்கத் திணறினால் வாய்க்குள் கைவிடாதீர்கள். விசர் நோய் பூனைக்கும் வரும். கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

நிறை நிலைத்த பிறகும் மாதம் ஒரு முறை நிறுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லாம் செய்தும் நிறை இறங்கிக்கொண்டே போய், தின்பதிலும் தன்னை நக்கித் துப்புரவாக்குவதிலும் பூனை அக்கறை இழந்தால், நோவில்லாமல் ஊசியால் முடிக்கும் வழி பற்றி வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அதற்கு மனம் ஒப்பாதவர்கள் நோவு, குமட்டல் இரண்டையும் தணிக்கும் மருந்தைக் கேட்டு வாங்கலாம். இரண்டையும் விட்டுவிட்டுத் தூக்கக் குளிசை, பூச்சிகொல்லி என்று வீட்டில் முயல்வோரும் இருக்கிறார்கள். அந்தச் சாவு நோயை விடக் கொடியது. அதை மட்டும் செய்யாதீர்கள்.